25 அடிக்குக் கீழே இறங்கும் ஜெட் பம்ப்... கடலோரத்தில் எதுவரை இறக்கலாம்?

திருவொற்றியூரில் என் அத்தை வீட்டில் யாரும் அலாரம் வைப்பதில்லை. காலை ஐந்து மணிக்குத் தெருவில் ஒவ்வொரு வீடாக மோட்டார் ஓட ஆரம்பிக்கும். எந்த வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கிறது, எது வெறும் காற்றை இழுக்கிறது என்று படுத்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார் அத்தை. தண்ணீர் ஏறினால் சத்தம் கனக்கும். காற்று என்றால் இரைச்சல் மட்டும்தான்.

அத்தை வீட்டு மோட்டார் அடிக்கடி இரண்டாவது ரகம். ஒரு செம்புத் தண்ணீரோடு போய், மோட்டார் தலையில் இருக்கும் மூடியைத் திருகிக் கழற்றி, புனல் வைத்து ஊற்றுவார். "இதுக்கு மொதல்ல காபி கொடுக்கணும். அப்பதான் எழுந்திருக்கும்" என்பார். 'ஏர் பிடிச்சிடுச்சு' என்று நாம் சொல்வதற்கு அத்தை வைத்திருக்கும் வைத்தியம் அது.

2019 கோடையில் அந்தக் காபியும் எடுபடவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுக்கக் குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்த வருஷம். மெக்கானிக் வந்து பார்த்தார். "அக்கா, தண்ணி கீழ போயிடுச்சு. பின்னாடியே நாமளும் போவோம்" என்று சொல்லி, இன்னொரு பைப் சேர்த்து, 40 அடியில் இருந்த ஜெட்டை 60 அடிக்கு இறக்கினார். தண்ணீர் கொட்டியது. அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக்குக் கூலியோடு வடையும் கிடைத்தது.

மூன்று வாரம் போயிருக்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. வாய் கொப்பளித்தால் நாக்கில் கரித்தது. அதே மோட்டார், அதே போர். ஒரு பைப் கூடுதலாக இறங்கியதும் தண்ணீர் ஏன் உப்பானது?

இதற்குப் பதில் தெரிய, ஜெட் பம்ப் கீழே என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

எந்த மோட்டாருக்கும் அடங்காத 25 அடி

ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது நாம் உறிஞ்சுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் வாய் செய்வது ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றை எடுப்பது மட்டுமே. இளநீரை மேலே தள்ளுவது அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று. வீட்டு மோட்டாரும் அப்படித்தான். அது பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கிறது. போருக்குள் இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே ஏற்றுகிறது.

காற்றின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது தாங்கிப் பிடிக்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதுவும் பைப்புக்குள் துளி காற்றுகூட இல்லாதபோது. பைப்பின் உராய்வு, ஃபுட் வால்வின் தடை, இணைப்புகளில் கசியும் காற்று எல்லாம் போக, நடைமுறையில் கிடைப்பது 25 அடிதான். அரை ஹெச்.பி மோட்டாராக இருந்தாலும் ஐந்து ஹெச்.பி மோட்டாராக இருந்தாலும், மேலே உட்கார்ந்துகொண்டு இழுக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. 'பெரிய மோட்டாரா போடுங்க, தண்ணி வரும்' என்று கடையில் சொன்னால், நீர்மட்டம் எத்தனை அடி என்று முதலில் கேளுங்கள்.

கொஞ்சம் கொடுத்தால்தான் கிடைக்கும்

தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் என்ன செய்வது? மோட்டாரையே உள்ளே இறக்குவது ஒரு வழி. அது சப்மெர்சிபிள். மோட்டாரை மேலேயே வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொண்டே தண்ணீரைக் கிளப்புவது இன்னொரு வழி. அதுதான் ஜெட் பம்ப்.

ஜெட் பம்ப் போட்ட வீட்டில் போருக்குள் இரண்டு பைப் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒன்று ஒண்ணேகால் இஞ்ச், இன்னொன்று ஒரு இஞ்ச். மோட்டார் மேலே கொண்டுவந்த தண்ணீரில் ஒரு பகுதியைச் சின்ன பைப் வழியாக மறுபடி கீழே அனுப்புகிறது. அந்தத் தண்ணீர் அடியில் இருக்கும் ஒரு சின்ன மூக்கு வழியாகப் பீய்ச்சப்படுகிறது. இதுதான் நாசில். பைப்பின் குறுக்களவு பாதியானால் அதே அளவு தண்ணீர் நான்கு மடங்கு வேகத்தில் ஓடியாக வேண்டும். வேகம் ஏறும்போது அழுத்தம் இறங்கும்.

நாசிலைச் சுற்றி அழுத்தம் குறைந்ததும், போரில் இருக்கும் தண்ணீர் ஃபுட் வால்வைத் திறந்துகொண்டு உள்ளே பாய்கிறது. பீய்ச்சப்பட்ட தண்ணீர் அதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு குறுகிய தொண்டைக்குள் ஓடுகிறது. தொண்டையைத் தாண்டியதும் குழாய் மெல்ல மெல்ல அகலமாகிறது. வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் இரண்டு தண்ணீரையும் சேர்த்துப் பெரிய பைப்பில் மேலே தள்ளிவிடும். மோட்டாரின் பிடிக்குள் வந்த பிறகு, ஒரு பங்கு டேங்குக்கு, மற்றொரு பங்கு மறுபடி கீழே.

கிணற்றுக்குள் சுற்றுகிற பாகம் ஒன்றும் இல்லை. ஒயர் இல்லை, சீல் இல்லை. திறந்து மூடும் ஃபுட் வால்வு ஒன்றுதான் அசையும். மோட்டார் கிணற்றுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும் வடசென்னை வீடுகளில் இது பிடித்துப்போனதில் ஆச்சர்யமில்லை.

அத்தையின் 'காபி'க்குக் காரணமும் இப்போது புரியும். கீழே அனுப்பத் தண்ணீர் இருந்தால்தான் மேலே தண்ணீர் வரும். ராத்திரியில் ஃபுட் வால்வு கசிந்து பைப் காலியானால், காலையில் மோட்டாரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. தினமும் செம்போடு போக வேண்டியிருந்தால், கோளாறு பெரும்பாலும் மேலே மோட்டாரில் இல்லை, அடியில் வால்வில் அல்லது பைப் இணைப்பில்.

இந்த வித்தையை நீங்கள் தினமும் அடுப்பங்கரையில் பார்க்கிறீர்கள். கேஸ் அடுப்பின் அடியில், பர்னர் குழாயின் வாயில், ஊசித்துளை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். ரிப்பேர்காரர் அதையும் 'ஜெட்' என்றுதான் சொல்வார். அதிலிருந்து சீறி வரும் கேஸ், பக்கத்துத் துவாரம் வழியாகக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் சரியாகக் கலந்தால் சுடர் நீலம். காற்று போதாவிட்டால் மஞ்சள், பாத்திரத்தில் கரி. அங்கே ஒரு துளி அழுக்கு செய்யும் வேலையை, போருக்குள் ஒரு மணல் பருக்கையோ துருத் துணுக்கோ செய்துவிடும்.

குறை இல்லாமலா? இருக்கிறது. கரன்ட் பில். சுற்றிச் சுற்றி வரும் தண்ணீருக்கும் சேர்த்துத்தானே மோட்டார் உழைக்கிறது! தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு உருப்படியான வேலையாக மாறினாலே ஜெட்டுக்கு நல்ல மதிப்பெண். ஆழம் கூடக்கூடத் திருப்பி அனுப்ப வேண்டிய தண்ணீர் கூடும், டேங்குக்கு வருவது குறையும். நல்ல ஆழமான போர், நாலு குடும்பத்துக்குத் தண்ணீர் என்றால் சப்மெர்சிபிள்தான் லாபம். என்ன ஒன்று, அது பழுதானால் மோட்டாரையே வெளியே தூக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஜெட் பம்பில் டெலிவரி வால்வை முழுதாகத் திறந்தால் தண்ணீர் அதிகம் வரும் என்று நினைப்போம். நேர்மாறாக, கீழே அனுப்பும் அழுத்தம் விழுந்து, இழுப்பதையே விட்டுவிடும். மெக்கானிக் கொஞ்சம் அடைத்து வைத்துவிட்டுப் போனார் என்றால் அது கஞ்சத்தனம் இல்லை. அதைத் தொடாதீர்கள்.

ராயபுரத்து ரயில் முதல் மணலி வரை

வீட்டு மோட்டாரோடு நின்றுவிடுகிற கதை இல்லை இது. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856 ஜூலை 1-ம் தேதி முதல் ரயில் கிளம்பியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்தக் கால நீராவி எஞ்சின்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டும் பம்ப்பைச் சக்கரத்தின் ஓட்டம்தான் இயக்கும். வண்டி ஓடினால்தான் தண்ணீர் ஏறும். நின்றுகொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் வற்றும். அதனால் வேலை இல்லாவிட்டாலும் எஞ்சினைச் சும்மா முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்றிக்கொள்வார்கள்.

ராயபுரத்தில் ரயில் கிளம்பி இரண்டே வருஷத்தில், 1858-ல், ஃபிரான்ஸின் ஹென்றி ஜிஃபார் இதற்கு ஒரு விடை கண்டார். கொதிகலனின் நீராவியையே ஒரு நாசிலில் பீய்ச்சி, அதன் வேகத்தால் தண்ணீரை இழுத்து, அதே கொதிகலனுக்குள் தள்ளும் 'இன்ஜெக்டர்'. தன் நீராவியைக் கொண்டு தன் வயிற்றுக்கே தண்ணீர் ஊட்டிக்கொள்ளும் கருவி என்றால் அன்று நம்பாதவர்கள்தான் அதிகம். பின்னால் உலகம் முழுக்க நீராவி எஞ்சின்கள் இதை நம்பித்தான் ஓடின.

இன்று நீராவி ரயில் இல்லை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற புகைபோக்கிகளுக்குக் கீழே இந்த வித்தை நடந்துகொண்டிருக்கும். அனல் மின்நிலையங்களில் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீராவியைக் குளிர்விக்கும் கலத்தில் காற்று சேரவே கூடாது. அதை வெளியே இழுக்க நீராவி எஜெக்டர் ஒரு பழைய, நம்பகமான வழி. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் கனமான எண்ணெயை வெற்றிடத்தில் வைத்துப் பிரிப்பார்கள். அந்த வெற்றிடத்தை உண்டாக்குவதும் பெரும்பாலும் நீராவி ஜெட்தான். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் அடித்தளத்தில் தேங்கும் நீரையும், டேங்கர்களின் அடியில் மிஞ்சும் கடைசிச் சரக்கையும் வழித்தெடுக்க 'எடக்டர்' என்று ஒன்று உண்டு. பெயர்தான் வேறு, ஆள் ஒன்றே. எண்ணெய்க் கிடங்கில் தீப்பிடித்தால் அடிக்கும் நுரையும் இப்படித்தான் உருவாகிறது. ஹோஸில் ஓடும் தண்ணீர், கேனில் இருக்கும் நுரைத் திரவத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

இங்கெல்லாம் ஜெட்டை விரும்பக் காரணம், சுற்றுகிற பாகம் இல்லாததுதான். கரியும் சேறும் சூடும் தீப்பொறி அபாயமும் உள்ள இடங்களில் கெட்டுப்போவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லாத கருவியே நல்ல கருவி.

காவலாக இருந்த கணக்கு

சரி, அத்தை வீட்டுப் பருப்புக்கு வருவோம்.

சென்னையின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 6.7 மீட்டர். அதாவது 22 அடி. கடலை ஒட்டிய திருவொற்றியூர், எண்ணூர்த் தெருக்கள் பலவும் அதைவிடத் தாழ்வு. இப்போது 25 அடிக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே உட்கார்ந்து இழுக்கும் சாதாரண மோட்டார் கைவிரிக்கும் ஆழமும், கடல் மட்டமும் இங்கே ஏறக்குறைய ஒன்றுதான்! யாரும் திட்டமிட்டதல்ல. ஆனால் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்குக் கீழே போவதற்கும், பழைய மோட்டார் 'இனி முடியாது' என்று நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஒருவகையில் அது காவலாக இருந்தது. ஜெட் பம்ப் அந்தக் காவலைத் தாண்டிப் போக வழி செய்தது.

கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு, ஜெர்மன் பொறியாளர்கள் தனித்தனியே கண்ட கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 அடி மேலே வந்துவிடலாம். நிலத்துக்கு நிலம் இது கொஞ்சம் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

இது போதாதென்று, ஓர் இடத்தில் வைத்து வேகமாக இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். ஜெட்டை 60 அடிக்கு இறக்கி, மணிக்கணக்கில் மோட்டாரை ஓட்டி, பக்கத்துத் தெருவுக்கும் தண்ணீர் கொடுத்த அத்தை வீட்டில் நடந்தது அநேகமாக அதுதான்.

வீட்டு போர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. அங்கே எடுத்த தண்ணீர் மணலி தொழிற்சாலைகளுக்கும் போனது. மீஞ்சூர் பக்கம் விவசாயத்துக்கும் சேர்த்து எடுத்தது, மழை திருப்பிக் கொடுத்ததைவிட அதிகம். கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்தது. 2010-ல் அதே மீஞ்சூர்ப் பக்கம், காட்டுப்பள்ளியில், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நல்ல தண்ணீர் எடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே கடலைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும், நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் 2019-ல் வந்தது. அது இருபது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

உப்பு மட்டுமா? 2013-ல் தண்டையார்பேட்டையில் சில தெருக்களின் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது நினைவிருக்கலாம். துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாயின் கசிவு அது. மோட்டார் எதையும் வடிகட்டிக் கொண்டுவராது. தண்ணீரில் வாடை அடித்தாலோ, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ கொதிக்கவைத்துப் பயனில்லை. அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

எதுவரை இறக்கலாம்?

கோடையில் தண்ணீர் நின்றதும் 'இன்னொரு பைப் போடுங்க' என்பதற்கு முன், நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று கயிறு கட்டி அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் 22 அடியில் நிற்கும்போதே மோட்டார் இழுக்கவில்லை என்றால், குறை ஃபுட் வால்விலோ, நாசிலிலோ, பைப் இணைப்பிலோ இருக்கலாம். அதைப் பார்க்காமலேயே ஜெட்டை இறக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ் மீட்டர் கிடைக்கும். மாதம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. மாதா மாதம் எண் ஏறிக்கொண்டே போனால் நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அது உப்பை மட்டும்தான் சொல்லும். எண்ணெயையோ கிருமியையோ காட்டாது.

உப்பு தெரிய ஆரம்பித்தால் கீழே போகாதீர்கள். மேலே வாருங்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டுவதைவிட, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்து ஓட்டுவது கடலோரப் போருக்கு நல்லது. 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் மேல் இப்போது துளசி மாடமோ டூவீலரோ நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மணல் பூமியில் அந்தக் குழி மற்ற இடங்களைவிட நன்றாகவே வேலை செய்யும்.

மெட்ரோ வாட்டர் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். குழாயில் அழுத்தம் குறையும்போது, எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரும் அதன் வழியே உள்ளே வரும். காற்று தண்ணீரைத் தள்ளுகிற அதே கணக்குதான்.

அத்தை வீட்டுக்கு அந்த வருஷம் மழைக்குப் பிறகு வேறொரு மெக்கானிக் வந்தார். வயதானவர். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "யம்மா, நீ கடல்ல குழாய் போட்டு வெச்சிருக்க" என்றார். இரண்டு பைப்பையும் வெளியே எடுத்து, ஜெட்டை 40 அடிக்கு மேலே கொண்டுவந்து, ஃபுட் வால்வை மாற்றி, நாசிலில் அடைத்திருந்த துருவைக் கம்பியால் குத்தி எடுத்தார். அந்தத் துரு எத்தனை நாளாக அங்கே இருந்ததோ! முதல் மெக்கானிக் பைப்பை இறக்காமல் இதைச் செய்திருந்தால் போதுமா என்று அத்தை கேட்டார். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார்.

கரிப்பு உடனே போகவில்லை. அடுத்தடுத்த மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குடிக்க இன்னும் கேன் தண்ணீர்தான். டேங்க் நிறைய முன்பு அரை மணி நேரம், இப்போது காலையும் மாலையுமாக இருபது இருபது நிமிஷம். துவரம்பருப்பு நாலு விசிலில் வேகிறது. காலையில் மோட்டாருக்குக் காபி கொடுக்கும் வேலை மட்டும் அத்தைக்குக் குறைந்திருக்கிறது.